பிள்ளையாருக்கு மேலே யார்?

பிள்ளையாரைக் கும்பிடாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. தண்ணீர் பம்பின் சுவிட்சைப் போடும்போதும் "அப்பனே" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை முழுக்க அவரைப் பற்றியதே என்பதால் தனியாக ஒரு காப்புச் சொல்லாமல் விடுகிறேன். அவர் கோபிக்க மாட்டார். இதைவிடப் பெரிய விஷயங்களையெல்லாம் எங்களிடம் பொறுத்துக்கொண்டவர்.

வெள்ளவத்தையில் மாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நலன்புரிச் சங்க மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் மட்டும் படித்தவன். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்துப் பை தூக்கி, பிறகு வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்துக்குக் கெயார் டேக்கராக வந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தவன். பம்ப், ஜெனரேட்டர், லிஃப்ட் பற்றியெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவை பழுதானால் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய போன் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன் நம்பர் இல்லாத பிரச்சினை ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் முதன்முதல் வெள்ளவத்தைக்கு வந்தபோது, காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் லேன்களில் வீடுகள் நிலத்தில் இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது நிலத்தில் கார்கள்தான் இருக்கின்றன. வீடுகள் அவற்றுக்கு மேலே தொடங்குகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், மலையகத்திலிருந்து வந்தார்கள், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு இங்கே ஒரு வீடு தேடினார்கள். ஊருக்கு அகலிக்க இடமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாய். சட்டிக்குள் வைத்த செடி மாதிரி அது மேலே போவதைத் தவிர வேறு வழி தெரியாமல் மேலே போனது. ஊர் மேலே போகலாம். அந்த ஊரில் இருந்த சாமி என்ன செய்வது? எங்களுடைய பிரச்சினை அதுதான்.

எங்கள் கட்டடம் நிற்கும் காணி பூமணி அன்ரியுடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் நேரம் முடிந்ததும் ஆட்களின் பேச்சை இடையில் வெட்டிவிடுவது அவருடைய உத்தியோகம். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. புருஷன் காலமாகி, பிள்ளைகள் கனடாவில் இருக்க, ஈரப்பலா மரம் நின்ற வளவில் தனியாக ஒரு பழைய வீட்டில் இருந்தார். மரத்தடியில் ஒரு கருங்கல் பிள்ளையார். கலியாணம் முடித்த புதிதில் புருஷன் கொண்டுவந்து வைத்தவர்.

அந்த வீடு ஒருமுறை கலவரத்தில் எரிக்கப்பட்ட வீடு. எந்த வருஷம் என்று கொழும்பில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்ரியும் புருஷனும் உடுத்த உடுப்போடு பின் மதிலால் ஏறிக் குதித்தவர்கள். திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, மரம் பாதி கருகி நின்றது. பிள்ளையார் மட்டும் புகை படிந்து, இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஆகவே கட்டடம் கட்டும் முதலாளி காணி கேட்டு வந்தபோது அன்ரி வைத்த நிபந்தனை ஒன்றுதான். தனக்கு முதலாம் மாடியில் ஒரு வீடு, பிள்ளையாருக்கு அவருக்கேற்ற இடம். முதலாளி நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே ஓம் என்றார். ஓம் என்று சொன்ன பிறகுதான் எல்லாம் தொடங்கியது.

கட்டடம் எழும்பியது. கார் பார்க்கில், இரண்டு கார்கள் நிற்கும் இடத்துக்கு நடுவே, வெள்ளை டைல்ஸ் பதித்த ஒரு மாடம் கட்டினார்கள். விளக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. "நான் இருக்கிற வரைக்கும் அவரைத் தனிய விட மாட்டன் அன்ரி" என்று வாக்குக் கொடுத்தேன். பிரதிட்டைக்கு நாள் பார்க்க ஐயரைக் கூட்டி வந்தோம். ஐயர் மாடத்தைப் பார்த்தார், நல்லது என்றார். பிறகு அண்ணாந்து பார்த்தார். மாடத்துக்கு நேர் மேலே, சீலிங்கை ஒட்டி, என் தொடையளவு தடிப்பில் ஒரு பைப் போனது.

அது என்ன பைப் என்று அவர் கேட்கவும், மேலே எங்கோ பிளம்பர் ஒருவர் கக்கூஸ் கொமட்டில் தண்ணீர் விட்டுப் பரீட்சை பார்க்கவும் சரியாக இருந்தது. பைப்புக்குள் ஒரு நீண்ட பயணம் நடந்தது. அது சுவரில் தொடங்கி, பிள்ளையாருக்கு மேலால் போய், தூணுக்குப் பக்கத்தில் இறங்கி முடியும்வரைக்கும் ஐயர், அன்ரி, நான் மூன்று பேரும் தலையை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டு நின்றோம்.

"தம்பி மாணிக்கம்," என்றார் அன்ரி, சத்தம் அடங்கிய பிறகு. "இவருக்கு மேல ஆர்?"

எட்டு மாடியும் அவருக்கு மேலேதான் இருந்தது.

அன்ரி அன்றைக்கே கட்டடம் எழும்பும்வரை தங்கியிருந்த கிருலப்பனைத் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். பிள்ளையாருக்கு இடம் சரிவராமல் தன் வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன் என்றார். இதில் சிக்கல் என்னவென்றால், காணிக்காரி குடிபுகாத கட்டடத்தில் தாங்கள் எப்படி முதலில் பால் காய்ச்சுவது என்று மற்றச் சைவக் குடும்பங்களும் நின்றுவிட்டன. முதலாளி என்னைக் கூப்பிட்டு, தை பிறக்கிறதுக்குள் இதைத் தீர்க்காவிட்டால் வேறு கெயார் டேக்கரைப் பார்க்கிறேன் என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அன்ரியையும் கூப்பிட்டு, கார் பார்க்கில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தோம். தலைமை, ஆறாம் மாடி ஹாஜியார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், அவர்கள் குடும்பம் ஏற்கெனவே குடிவந்துவிட்டது. யாருக்கும் பக்கம் சாயாதவர் என்று எல்லாரும் சேர்ந்து அவரைத்தான் தலைவராக்கியிருந்தார்கள். நாலாம் மாடியை வாங்கியிருந்த கணக்காளர் சிவநேசன், கட்டடப் பிளானை என்னுடைய மேசையில் விரித்து, மாடத்துக்கு மேலே போகும் பைப் வருவது மூன்றாம் மாடிக்காரரின் பாத்ரூமிலிருந்து என்று விரலை வைத்துக் காட்டினார். மூன்றாம் மாடிக்காரர் எழும்பி, அதற்கு மேலே இருப்பது யாருடைய பாத்ரூம் என்று கேட்டார். சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லார்ட பாத்ரூமும் ஒரே நேர்லதான் ஈக்குது," என்றார் ஹாஜியார். "எங்கட ஊட்டுதும்தான். இதில ஒருத்தருக்கொருத்தர் வெக்கப்பட ஒண்டுமில்ல."

தம்பிமாரே, இதை மனதில் வைத்திருங்கள். கூட்டத்தில் ஒருவருடைய குறையைச் சொன்னால் சண்டை வரும். எல்லாருடையதையும் ஒன்றாகச் சொன்னால் கதிரையில் உட்காருவார்கள்.

உட்கார்ந்தார்கள். மற்ற மூலைக்கு மாற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பிளானைப் பார்த்தோம். அங்கே மேலே முழுக்கக் குசினி அடுப்புகள். "நாங்கள் வெள்ளிக்கிழமை சைவம்" என்றது ஒரு குரல். வாரத்தில் மற்ற நாட்களும் இருக்கின்றன என்றது இன்னொரு குரல். வாசல் பக்கத்தில் வைத்தால்? அங்கே மேலே படுக்கையறை. முதலாம் மாடியில் அந்தப் பக்கத்து வீட்டுக்கு வரக் காத்திருந்தவர்கள் புதிதாகக் கலியாணம் முடித்த சோடி. அந்தப் பெடியன் தன்னுடைய சப்பாத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தை விட்டோம்.

கடைசியில் ஹாஜியார்தான் கேட்டார், கீழே வைத்தால் மேலே ஆட்கள் இருப்பார்கள் என்றால், மேலே வைத்தால் என்ன என்று. மொட்டை மாடி. அதற்கு மேலே வானம். எல்லாருடைய முகமும் தெளிந்தது. சிவநேசனுக்கு மட்டும் இன்னொரு சந்தேகம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி தூண்களுக்கு மேலே, பிள்ளையாரைவிட உயரத்தில் இருக்கிறதே, அது பரவாயில்லையா?

"சிவபெருமான்ர தலையிலயே தண்ணிதான் கிடக்கு," என்று அன்ரி வெட்டினார். "மகனுக்கு மட்டும் என்ன?"

கூட்டம் முடிந்தது.

பிள்ளையார் கருங்கல். படியால் தூக்கிக்கொண்டு போக ஏலாது. லிஃப்டில்தான் போகவேண்டும். சிவநேசனின் மனைவி, ஆட்கள் வீட்டுச் சாமான் ஏற்றும்போது லிஃப்டில் கருவாட்டுப் பெட்டியும் போனதைத் தன் கண்ணால் கண்டதாக என் காதுக்குள் சொன்னார். அது போதாதா எனக்கு. பிரதிட்டை நாள் காலையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து, திருவாசகம் சொல்லிக்கொண்டு, லிஃப்டின் சுவர், தரை, கதவு ஓடுகிற பள்ளம் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவினேன். கோயில் மண்டபம் கழுவுவது போலக் கழுவினேன். வாளியில் கடைசியாக மிஞ்சியதைப் பள்ளத்தில் ஊற்றினேன்.

பக்தி இருக்கலாம். மின்சாரத்துக்குப் பக்கத்தில் அது துணியை நனைத்துத் துடைக்கிற அளவில் இருந்தால் போதும்.

பிள்ளையாரை ஒரு கைவண்டியில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளினோம். கூட ஐயர், அன்ரி. வேறு ஆட்களுக்கு இடமில்லை. நான் படியால் ஓடினேன். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் லிஃப்ட் ஒரு விக்கல் எடுத்தது. பிறகு நின்றது.

மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன். காலி வீதியில் டிராபிக்கில் நிற்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்றார். இந்தக் கொழும்பில் வந்துகொண்டிருக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளேயிருந்து ஐயர் பூசை மணியை அடித்து ஆட்களைக் கூப்பிட்டார். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. மேலே மொட்டை மாடியில் சனம் நாதஸ்வரக் கசெட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. கீழே முதலாளி, இன்னும் பால் காய்ச்சவில்லையா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

இப்படியான நேரத்தில் கை கால் ஓடாது. எனக்கு ஒரு லிஃப்ட்காரர் முன்பொருமுறை சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. பெயர் கேட்டு வைக்கவில்லை, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். மெஷின் நின்றால் முதலில் மெஷினை மற, உள்ளே இருக்கிற ஆளோடு கதை என்று சொன்னவர் அவர். ஆகவே மெயினை நிறுத்திவிட்டு, திறப்பால் நாலாம் மாடி லிஃப்ட் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தவர்களின் நெஞ்சளவுக்கு எங்கள் தரை இருந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த ஹாஜியாரும் சிவநேசனும் ஐயரின் கை இரண்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். ஐயருக்குக் கல்கிசையில் ஒரு கலியாணம் இருந்தது. அவர் பறந்துகொண்டு வந்தார்.

அடுத்து அன்ரி. அவர் கை நீட்டவில்லை.

"வாங்கோ அன்ரி. மெக்கானிக் வந்து இவரைக் கொண்டு வருவார்."

"நான் வரேல்லை."

"இருட்டுக்குள்ள தனிய எப்படி இருக்கிறது?"

"வீடு எரிஞ்ச அண்டைக்கு இவரை விட்டிட்டு ஓடினனாங்கள்," என்றார் அன்ரி. கைவண்டியின் பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "திரும்பி வந்தா இவர் இருந்தார். இன்னொருக்கா விட்டிட்டுப் போனா, திரும்பி வந்து எந்த முகத்தோட கும்பிடுறது? நீர் கதவைத் திறந்து வையும். காத்து வரட்டும்."

ஒருவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சிவநேசன் தன் வீட்டிலிருந்து ஒரு சிறு கதிரையை எடுத்து உள்ளே இறக்கிக் கொடுத்தார். ஹாஜியார் தன் வீட்டிலிருந்து ஒரு டோர்ச்சும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்தார்.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்க்க முடியாததால் சீலிங்கைப் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாலாம் மாடித் தரையில் குப்புறப் படுத்தார். லிஃப்டின் இடைவெளிக்குள் தலையையும் ஒரு கையையும் நீட்டி, மந்திரம் சொல்லி, மேலேயிருந்து பிள்ளையாரின் தலையில் ஒவ்வொரு பூவாகப் போடத் தொடங்கினார். நல்ல நேரம் தப்பக் கூடாது, மிச்சத்தை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நாங்கள் எல்லாரும் கை கூப்பி நின்றோம். அப்போது உள்ளேயிருந்து அன்ரியின் குரல் வந்தது.

"ஐயா, இப்ப இவருக்கு மேல ஆர்?"

ஐயரின் கை பூவோடு அந்தரத்தில் நின்றது. சங்கடமான கேள்விதான். அவருடைய முகம் பிள்ளையாரின் முகத்துக்கு நேர் மேலே இருந்தது.

"நான் நிக்கேல்லை அம்மா," என்றார் ஐயர் கடைசியில். "விழுந்து கும்பிடுறன். விழுந்து கும்பிடுறவன் மேல எண்டு கணக்கில்லை."

உள்ளே அன்ரி சிரித்தார். லிஃப்டுக்குள் சிரித்தால் கிணற்றுக்குள் சிரிப்பது மாதிரிக் கேட்கும். அந்தச் சிரிப்பு எட்டு மாடிக்கும் போயிருக்கும்.

மெக்கானிக் வந்தார். பள்ளத்தில் கையை விட்டுப் பார்த்து, இதென்ன மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். நான் யாரோ கூப்பிட்டது போல வேறு பக்கம் பார்த்தேன். லிஃப்ட் எழும்பியது, பிள்ளையார் மொட்டை மாடிக்குப் போனார், அன்ரி கதிரையோடு போனார். அன்று மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கப் பால் பொங்கியது. என் வேலையும் தப்பியது.

பிறகு பல வருஷம் எங்கள் லேனில் அவரை விட உயரத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல், அதை ஒட்டி ஓடும் ரயில், மறுபக்கம் கொழும்பு முழுக்கத் தெரியும். காலை விளக்கு வைக்கப் போகும்போது, கொட்டாஞ்சேனை எந்தப் பக்கம் என்று தேடுவேன். முதலில் தெரிந்தது. பிறகு நடுவில் ஒவ்வொன்றாக முளைத்து மறைத்தன. கொம்பனித்தெருவில் எங்கள் மாமாவின் வீடு இருந்த வரிசைக்கு மேலே ஒரு கோபுரம் எழும்பியதை இங்கிருந்தே மாடி மாடியாகப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு கட்டடம் வந்தபோது மூன்றாம் மாடிவரைக்கும் கடல் மறைந்து போனது. இன்னொன்று வந்தபோது ஐந்தாம் மாடிவரைக்கும் போனது. கடல் போன வீட்டார் பிள்ளையாரைக் கும்பிடும் சாட்டில் மேலே வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கூட்டம் கூடியதில் எனக்குச் சந்தோஷம். எதற்காக வந்தாலும் விளக்குக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள்.

பிறகு எங்கள் பக்கத்துக் காணியின் பழைய வீட்டை இடித்தார்கள். சுற்றிவரத் தகர வேலி அடித்தார்கள். ஒருநாள் காலை விளக்கு வைக்கப் போனபோது விளக்கின் மீது ஒரு நிழல் மெதுவாக நகர்ந்து போனது. மேகம் என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் கிரேன்.

மஞ்சள் நிறம். மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு ஆள். கிரேனின் நீண்ட கை எங்கள் கட்டடத்துக்கு மேலால், பிள்ளையாரின் தலைக்கு நேர் மேலால், காற்றுக்கேற்ப வந்து வந்து போனது.

அன்ரிக்கு அப்போது முழங்கால் வருத்தம். ஆனாலும் காலை தவறாமல் லிஃப்டில் மேலே வருவார். அன்றைக்கு வந்து, நிழலைப் பார்த்து, மேலே பார்த்து, என்னைப் பார்த்தார். கேட்கப் போவது எனக்குத் தெரியும்.

"தம்பி, இவருக்கு மேல ஆர்?"

கட்டடம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள் அன்ரி என்றேன். அதற்குத் தான் உயிரோடு இருக்க வேண்டுமே என்றார். அதன்பிறகு இரண்டு நாளாகச் சாப்பாட்டை அரைகுறையாக விட்டதாக அவர் வீட்டு வேலைக்கார அம்மா சொன்னார். மூன்றாம் நாள், பிள்ளையாரைக் கிருலப்பனைக்குத் தங்கச்சி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். போனில் தங்கச்சியிடம் கேட்டால், அந்தக் காணியையும் கட்டடக்காரருக்கு எழுதியாகிவிட்டது. அன்ரி போனை வைத்தார்.

"மேல ஒண்டும் இல்லாத இடமெண்டா இனிக் கனத்தைச் சுடலைதான் தம்பி," என்றார். "நானும் அவரும் சேர்ந்து போகவேண்டியதுதான்."

சிரிக்கிற மாதிரிச் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாக்குக் கொடுத்தவன்.

பக்கத்துத் தளத்துக்குப் போனேன். ஹெல்மெட் போட்ட இளம் எஞ்சினியர் ஐயா, அவர்கள் பாஷையில் மாத்தயா, மரியாதையாகக் கதிரை தந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். சுமையோடு உங்கள் கட்டடத்துக்கு மேலால் கிரேன் போகாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்றார். ஆனால் வெறும் கையை நிறுத்த முடியாது, காற்றில் சுழல விடத்தான் வேண்டும், கையைக் கட்டி வைத்தால் கிரேனே சரிந்துவிடும் என்றார். கிரேனுக்குக் கடவுள் தெரியாதே அங்கிள் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கிரேனோடு கதைத்துப் பயனில்லை என்று நானும் நினைத்தேன். அப்போது அந்தப் பழைய லிஃப்ட்காரர் திரும்பவும் நினைவுக்கு வந்தார். மெஷினை மற, உள்ளே இருக்கிற ஆளோடு கதை.

உள்ளே இருக்கிறவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் இறங்கினார். குருநாகல் பக்கத்துக்காரர், மெலிந்த ஆள், கலியாணம் முடித்துக் கைக்குழந்தை இருக்கிறதாம். "மல்லி" என்று தம்பி முறையில் கூப்பிட்டு நான் தொடங்கி இரண்டு வசனம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் முகம் மாறியது. "அய்யே, நான் வந்து பார்க்கலாமா?" என்று என்னை அண்ணனாக்கிக் கேட்டார்.

மொட்டை மாடிக்குக் கூட்டி வந்தேன். படியிலேயே பூட்சைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், தாங்கிக்குப் பக்கத்துப் பைப்பில் கால் கழுவினார். அன்ரி விளக்குக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். எக்ஸ்சேஞ்சில் மூன்று பாஷையிலும் ஆட்களை வெட்டியவர், சிங்களத்தில் வெட்டத் தயாராகத்தான் இருந்தார் என்று அவர் இருந்த இருப்பிலேயே தெரிந்தது.

மல்லி பிள்ளையாருக்கு முன்னால் முழந்தாளில் இருந்து கும்பிட்டார். பிறகு எழும்பாமலே அன்ரியிடம் சொன்னார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மே, எனக்கு உயரம் பயம். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. ஏணியால் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். கூண்டுக்குள் போனதும் முதல் வேலை, கீழே இந்தக் கண தெய்யோவை, உங்கள் பிள்ளையாரை, தேடுவது. அங்கேயிருந்து பார்த்தால் ஒரு தேசிக்காய் அளவுதான் இருப்பார். விளக்கு எரிந்தால் கண்டுபிடிப்பது லேசு. கும்பிட்டுவிட்டுத்தான் கையை லீவரில் வைப்பேன். எனக்காகத்தான் யாரோ இவரை இங்கே மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

எந்தப் பேச்சையும் வெட்டுகிற அன்ரி இதை வெட்டவில்லை. அவர் முடித்த பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி. காலையில் சாப்பிட்டுவிட்டா ஏறுகிறாய் மகனே என்று.

சாப்பிட்டுவிட்டு அந்த ஏணியில் ஏறப் பயம் என்றார் அவர். வெறும் வயிற்றோடு ஏறி மத்தியானம்தான் இறங்குவாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அன்ரி மோதகம் அவித்தார். விளக்கு வைத்துப் படைத்து முடிந்ததும், கிரேனின் கொக்கி வெறுமையாக, மெல்ல மெல்ல, தண்ணீர்த் தாங்கிக்கு இந்தப் பக்கம் இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றது. சீமெந்தும் இரும்பும் தூக்குகிற கொக்கி. அன்ரி அதில் ஒரு சீலைப் பையைக் கொழுவினார். பை ஆடாமல், குழந்தையைத் தூக்குவது போல, வானத்துக்குப் போனது. மேலே கூண்டிலிருந்து ஒரு கை அசைந்தது. எஞ்சினியர் மாத்தயாவுக்கு இது தெரியுமா என்று நீங்கள் கேட்கக்கூடாது. வெள்ளிக்கிழமைகளில் மோதகம் அவருக்கும் போனது.

அதன்பிறகு நிழல் விளக்கின் மேலால் போகும்போது அன்ரி மேலே பார்க்கவில்லை. நான் ஒருநாள் மெதுவாக, இப்போது மேலே இருப்பது பரவாயில்லையா அன்ரி என்று கேட்டேன். "ஐயர் சொன்னவரெல்லே," என்றார். "கும்பிடுறவன் மேல எண்டு கணக்கில்லை."

கட்டடம் முடிந்தது. எங்களை விட நாலைந்து மாடி உயரம். ஒரு நாள் கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். கொம்பனித்தெருப் பக்கம் வேறொரு தளத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். அந்த மல்லி வந்து அன்ரியின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் விளக்கு வைத்தேன். அன்ரி லிஃப்டில் மேலே வந்தார். வெயில் விளக்கின் மேல் நேராக விழுந்தது, நிழல் ஒன்றும் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது. எவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய வாக்கு.

"பாருங்கோ அன்ரி," என்றேன். "இப்ப இவருக்கு மேல ஒருத்தரும் இல்லை."

அன்ரி அண்ணாந்து அந்த வெறும் வானத்தைக் கன நேரம் பார்த்தார். கையில் மோதகப் பை இருந்தது.

"ஓம் தம்பி," என்றார். "அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு."